அடைவில் ஒரு மனிதர்: பெயரிலிருந்து எண்ணுக்கு

அலுவலகக் கணினியில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறோம். கண நேரத்தில் நம்மைப் பெயர் சொல்லி வரவேற்கிறது இணையப் பயன்பாடு. சம்பளச் சீட்டோ, விடுப்பு விண்ணப்பமோ, பிறர் காணக் கூடாத கோப்போ, கேட்டது திறக்கிறது. ஆனால் அந்த நிரலுக்குள் 'நாம்' என்று நிற்பது எது? பெயரா, பதவியா, ஓர் எண்ணா, நாம் மட்டும் அறிந்த இரகசியமா? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினித்துறை இக்கேள்விக்கு விடை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்திருக்கிறது. அந்த வரலாறு பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரிதும் இல்லாத தமிழர்களாகிய நமக்கு அதில் தனியே ஒரு வழக்கும் உண்டு.

தொடக்கத்தை 1961இல் வைக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, சி.டி.எஸ்.எஸ். என்ற காலப்பகிர்வு முறையை அவ்வாண்டு இயக்கிக் காட்டியது. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொண்டபோதுதான் 'யார் நீ?' என்று இயந்திரம் கேட்க நேர்ந்தது. கடவுச்சொல் கணினிக்குள் நுழைந்த வழி அது.

அடுத்த பத்தாண்டில் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ், பயனர்கள் அனைவரையும் ஒரு சிறு கோப்பில் வரிசைப்படுத்தியது. ஆளுக்கு ஒரு வரி. முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு கட்டங்கள். முதலில் உள்நுழையும் பெயர், அடுத்து உருமாற்றப்பட்ட கடவுச்சொல், மூன்றாவதாக ஓர் எண். இயங்குதளம் மதித்தது அந்த எண்ணைத்தான். எண் பூச்சியமாக இருந்தால், பெயர் எதுவாயினும் அவரே சர்வ அதிகாரி. மனிதரின் முழுப்பெயருக்கு ஐந்தாம் கட்டம் ஒதுக்கப்பட்டது. இன்றும் அதன் பெயர் 'ஜீகாஸ்'. பெல் ஆய்வகத்தினர் அச்சு வேலைகளை ஜீகாஸ் இயங்குதளம் கொண்ட மற்றொரு பெரிய கணினிக்கு அனுப்புவதுண்டு. அந்தக் கணினி கேட்கும் அடையாள அட்டைக்கான விவரங்களைச் செருகி வைக்க அமைத்த இடம் அது. வேறொரு இயந்திரத்துக்காக ஒதுக்கிய மூலையில்தான் மனிதரின் பெயருக்கு இடம் கிடைத்தது.

ஒரு கணினி நூறு கணினிகளானபோது இந்தக் கோப்பை எல்லாவற்றிலும் படியெடுத்து வைப்பது இயலாததாயிற்று. 1980களில் சன் நிறுவனம் அதை வலையின் வழியே பகிரும் சேவை ஒன்றை அமைத்து 'யெல்லோ பேஜஸ்' என்று அழைத்தது. அப்பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகச் சின்னமாதலால் பின்னர் என்.ஐ.எஸ். என்று மாற்ற வேண்டி வந்தது. தொலைபேசிப் புத்தகத்தின் நினைவு அப்பெயரில் தற்செயலாக வந்ததன்று. அடுத்த பெரிய முயற்சி தொலைபேசித் துறையிலிருந்தே வந்தது.

சி.சி.ஐ.டி.டி. என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பும் ஐ.எஸ்.ஓ.வும் 1988இல் எக்ஸ்.500 என்ற தரத்தொகுதியை வெளியிட்டன. உலகம் முழுவதற்கும் ஒரே அடைவு என்பது அதன் கனவு. அமைப்பு ஒரு மரம். வேரில் நாடு, கிளையில் நிறுவனம், கிளையின் கிளையில் துறை, இலையில் மனிதர். வேரிலிருந்து இலைவரை செல்லும் பாதை முழுவதுமே அவருடைய 'தனித்துவப் பெயர்'. அதாவது மனிதர் எங்கே நிற்கிறாரோ அந்த இடமும் அவருடைய பெயரில் ஒரு பகுதி. உலக அடைவு கைகூடவில்லை. ஆயினும் அதே தொகுதியைச் சேர்ந்த எக்ஸ்.509, இன்று பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளத்தின் சான்றிதழிலும் வாழ்கிறது.

எக்ஸ்.500ஐ அணுகுவதற்கான நெறிமுறை அக்கால மேசைக் கணினிகளுக்குப் பெரும் பளுவாக இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் இணையாசிரியர் இருவரும் 1993இல் அதை இலகுவாக்கி ஆர்.எஃப்.சி. 1487ஆக வெளியிட்டனர். எல்டாப் என்று நாம் அறியும் நெறிமுறை அதுவே. தனித்துவப் பெயரை எழுத்தில் எழுதும் முறை வகுக்கப்பட்டபோது மரத்தைப் புரட்டிப் போட்டார்கள்: மனிதர் முதலில், நாடு இறுதியில். ஐரோப்பியர் கடித உறையில் முகவரி எழுதும் ஒழுங்கு அது.

இந்த இடத்தில் உ.வே.சா.வை நினைத்துக்கொள்வோம். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். ஊர், தந்தை, மகன் என்று வேரிலிருந்து இலைக்கு வரும் பெயர். மரத்தின் இயல்பான ஒழுங்கு எதுவோ அதுவே நம்முடைய மரபான ஒழுங்கும். ஆனால் எல்டாப் அடைவில் 'பெர்சன்' என்ற வகையில் ஒருவரைப் பதிவு செய்ய இரண்டு பண்புகள் கட்டாயம்: 'சிஎன்' எனப்படும் வழங்கு பெயர், 'எஸ்என்' எனப்படும் குடும்பப்பெயர். இரண்டாவதை வெறுமையாக விட இயலாது. தலைப்பெழுத்துக்கும் ஒரு பண்பு உண்டு. ஆனால் அதன் விளக்கம், குடும்பப்பெயர் நீங்கலான பெயர்களின் முதலெழுத்துகள் என்பது. நம் தலைப்பெழுத்தோ தந்தையின் பெயருக்கும் ஊருக்கும் உரியது. உ.வே.சா.வின் குடும்பப்பெயர் என்ன? உத்தமதானபுரமா, வேங்கடசுப்பையரா, சாமிநாதையரையே வெட்டி எடுத்த 'ஐயரா'? எதை எழுதினாலும் அது அவரன்று. மகளைத் தந்தையின் பெயரால் வரவேற்கும் திரைகளும், கட்டாயக் கட்டத்தில் ஒற்றைப் புள்ளியை இட்டுத் தப்பிக்கும் பதிவுகளும் தோன்றியது இவ்வாறுதான். 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி, குடும்பப்பெயரைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. ஆனால் பழைய விண்டோஸ்களுக்கு இணங்கும் உள்நுழைவுப் பெயரை இருபது எழுத்துகளுக்குள் அடக்கச் சொன்னது. நம் நீண்ட பெயர்களுக்கு அதுவும் ஒரு கத்தரிக்கோலே.

இதே காலத்தில் இணையப் பயன்பாடுகள் பெருகின. அடைவிலுள்ள மனிதரை நிரலுக்குள் எப்படி உருவகிப்பது? ஜாவா மொழியின் 'பிரின்சிபல்' என்ற இடைமுகம் மனிதரிடம் முதன்மையாகக் கேட்டது ஒன்றே: உன் பெயர் என்ன? எந்தப் பெயர் என்று அது கேட்கவில்லை. ஒரு நிரலாளர் உள்நுழைவுப் பெயரைத் தந்தார். மற்றொருவர் தனித்துவப் பெயர் முழுவதையும் தந்தார். 2003இல் தொடங்கி 2008இல் ஸ்பிரிங் செக்யூரிட்டி என்று பெயர் மாறிய அசெஜி என்ற நிரல்தொகுப்பு, பயனர் பெயர், கடவுச்சொல், அதிகாரங்கள் ஆகியவற்றைக் கொண்ட உருவமொன்றை வகுத்தது. கடவுச்சொல்லுக்கு அதில் இடம் இருப்பது தரவுத்தள அட்டவணைகளின் பழக்கம். அடைவோ கடவுச்சொல்லைப் பொதுவாக எடுத்துக் கொடுப்பதில்லை. அடைவுப் பயனருக்கென்று தனியே அமைத்த உருவத்தில் தனித்துவப் பெயருக்கும் ஓர் இடம் சேர்க்க வேண்டி வந்தது.

நடைமுறையில் நிரல் செய்வது இது. உள்நுழைவுப் பெயரை வைத்து அடைவில் தேடித் தனித்துவப் பெயரைக் கண்டெடுக்கிறது. அந்தப் பெயரோடும் பயனர் தந்த கடவுச்சொல்லோடும் அடைவின் கதவைத் தட்டுகிறது. கதவு திறந்தால் இவர் அவரே என்று கொள்கிறது. இதில் ஒரு படுகுழி உண்டு. பெயரைச் சொல்லிக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், எல்டாப் நெறிமுறை அதை அநாமதேய வருகையாகக் கொண்டு கதவைத் திறக்க இடமுண்டு. திறந்தது அநாமதேயருக்கு, நிரலோ மேலாளரே வந்துவிட்டார் என்று நம்பும். 2006இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4513 இதை வெளிப்படையாக எச்சரித்து, இத்தகைய வருகைகளை வழங்கிகள் இயல்பாகவே மறுக்க வேண்டும் என்றும், நிரல்கள் வெற்றுக் கடவுச்சொல்லை ஏற்கக் கூடாது என்றும் அறிவுறுத்தியது.

மற்றொரு படுகுழி மெதுவாகத் திறப்பது. பயன்பாடு தன் அட்டவணையில் தனித்துவப் பெயரையே திறவுகோலாக எழுதி வைத்திருக்கிறது என்று கொள்வோம். அப்பெண் வேறு துறைக்கு மாற்றலாகிறார், அல்லது திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்கிறார். மரத்தில் அவர் நின்ற கிளை மாறிவிட்டது. மறுநாள் காலை, பத்தாண்டுகளாகப் பணியாற்றிய இடத்தில் அவர் புதியவர். அவருடைய கோப்புகள் யாருக்கோ உரியவை. உள்நுழைவுப் பெயரைத் திறவுகோலாக்கினால் இடர் வேறு. ஓய்வு பெற்ற முருகனின் பெயர் புதிதாகச் சேர்ந்த முருகனுக்குத் தரப்படும். பழையவரின் அதிகாரங்களும் கூடவே வந்து சேரும். முதலாவதில் ஒருவர் தம்மை இழக்கிறார். இரண்டாவதில் ஒருவர் மற்றொருவர் ஆகிவிடுகிறார்.

இதற்கு மருந்தாக வந்தது பொருளற்ற எண். ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான அடையாள எண் ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2006இல் ஆர்.எஃப்.சி. 4530, எல்டாப் அடைவுகளுக்கும் அத்தகையதொரு பண்பை வகுத்தது. பெயர் மாறினாலும் கிளை மாறினாலும் அது மாறாது. 2014இல் நிறைவு பெற்ற ஓப்பன்ஐடி கனெக்ட் தரமும் இதே பாடத்தைச் சொன்னது: வழங்குபவரிடத்தில் மனிதருக்குத் தரப்படும் அடையாளம் ஒருபோதும் பிறருக்கு மறுபடி தரப்படலாகாது. அதே தரம், சில பண்பாடுகளில் குடும்பப்பெயர் இல்லாமலும் இருக்கலாம் என்பதைக் குறிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறது. எக்ஸ்.500 வந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வரி அது.

மனிதரை எண்ணாக்குவது இழிவு என்று இலக்கியம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. சிறைகளையும் முகாம்களையும் கண்ட நூற்றாண்டு அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் இந்தச் சிறிய வரலாறு வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. பெயரைத் திறவுகோலாக்கிய நிரல்தான் பெயரை வெட்டியது, நீட்டியது, மாற்றாதே என்று தடுத்தது. திறவுகோலாகும் வேலையை எண் ஏற்றுக்கொண்டபின் பெயர் மறுபடி பெயராகலாம். தலைப்பெழுத்தோடு எழுதலாம், ஊரோடு எழுதலாம், விரும்பினால் மாற்றலாம். அதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் உரிமை அதற்குரியவரிடமே இருக்க முடியும். இன்று உள்நுழைவு நிரல் எழுதும் நண்பர்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவே: எண்ணை இயந்திரத்துக்குக் கொடுங்கள், பெயர்க் கட்டம் ஒன்றே ஒன்று போதும், அதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.