கோலார் தங்கவயல்: ஒரு தங்க ரேகையின் வரலாறு

கர்நாடகத்தின் தென்கிழக்கு ஓரத்தில், தமிழக, ஆந்திர எல்லைகளுக்கு அருகே, வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரும்பச்சை நிறப் பாறைப் பட்டை ஒன்று ஓடுகிறது. இருபுறமும் கிரானைட்டும் நைஸ் பாறையும் பரந்து கிடக்க, நடுவே சில கிலோமீட்டர் அகலமே உள்ள இதை நிலவியலாளர்கள் கோலார் சிஸ்ட் பட்டை என்கிறார்கள். இந்தப் பட்டையில்தான் கோலார் தங்கவயல் அமைந்திருக்கிறது. 1880-களில் தொடங்கி 2001 வரை இங்கே சுமார் 5 கோடி டன் தாது வெட்டப்பட்டது. அதிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் கிடைத்தது.

புவியோட்டின் சராசரிப் பாறையில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் தங்கமே உண்டு. தங்கவயலின் தாதுவிலோ டன்னுக்குச் சராசரியாக 15 கிராம் இருந்தது. அதாவது, இயற்கை இங்கே தங்கத்தை நாலாயிரம் மடங்கு செறிவாக்கி வைத்திருந்தது. அது எப்படி நடந்தது என்பதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விடை தேடப்பட்டது. சுரங்கம் ஆழமாகப் போகப் போக அந்த விடையும் மாறிக்கொண்டே வந்தது. தங்கவயல் செழித்ததற்கும், அங்கே உழைத்தவர்கள் பட்ட பாட்டுக்கும், கடைசியில் சுரங்கம் மூடப்பட்டதற்கும் தங்கம் செறிந்த அந்தப் பாறை ரேகை உருவான விதத்திலேயே காரணங்கள் அடங்கியிருக்கின்றன.

பழைய குழிகள்

ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தங்கம் எடுக்கப்பட்டது. பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றி, விரிசல் விட்ட கல்லை உடைத்தெடுத்து, குழிக்கல்லில் இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். வெடிமருந்தும் நீரிறைக்கும் எந்திரமும் இல்லாமலே சில இடங்களில் நூறடிக்கும் கீழே சென்றிருந்தார்கள். ஊற்று நீர் பெருகிய மட்டத்துக்குக் கீழே அவர்களால் போக முடியவில்லை. பிற்காலத்தில் குழிகள் தூர்ந்து மண்மேடாகின. எனினும் அவை ஒரே வரிசையில், வடக்கு தெற்காக, ரேகை போன வழியிலேயே அமைந்திருந்தன.

1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இப்பகுதியில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் ஊர்க்காரர்கள் வண்டிகளில் மண்ணை ஏற்றி வந்து அவர் முன்னிலையிலேயே அலசிக் காட்டினார்கள். பொன்துகள்கள் தென்பட்டன. மாரிக்குப்பத்தில் மக்கள் குழிக்குள் இறங்கிக் கல்லெடுப்பதையும் அவர் பார்த்து எழுதி வைத்தார்.  

அவருடைய குறிப்புகள் எழுபது ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தன. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற முன்னாள் படைவீரர் 1871-இல் அவற்றைப் படித்தார். மாட்டுவண்டியில் கோலாருக்குப் போய் இடத்தைப் பார்த்தார். 1875-இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். ஆழமாகத் தோண்டப் பணம் போதாததால், இரண்டாண்டுகளில் உரிமம் வேறு கைக்கு மாறியது.

கைவிடப்படவிருந்த சுரங்கம்

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியத் தங்கத்தின் மேல் லண்டன் பங்குச் சந்தைக்குப் பெரும் மோகம் இருந்தது. கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முதலீடு செய்தன. அங்கே குவார்ட்ஸ் ரேகைகள் இருந்தன. தங்கம் மிகக் குறைவாக இருந்தது. சில ஆண்டுகளில் அந்த முயற்சிகள் சரிந்தன.

கோலாரும் அதே வழியில் போகவிருந்தது. இங்கே தங்கம் தேடிய மைசூர் கம்பெனி தோண்டிய குழிகளில் போதிய தாது அகப்படவில்லை. முதலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. 1883-இல் மிஞ்சியிருந்த பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரலாமா என்ற பேச்சு எழுந்தது. நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஜான் டெய்லர் நிறுவனம் இன்னொரு முறை முயலலாம் என்று வற்புறுத்தியது. பொறுப்பேற்ற கேப்டன் பிளம்மர் பழங்காலக் குழிகளுக்கு நேர் கீழே இறங்கினார். முன்னோர் நீருக்கு அஞ்சி விட்டுப்போன மட்டத்துக்குக் கீழே, வளமான தாது அறுபடாமல் தொடர்ந்தது. அதுவே உலகப் புகழ் பெற்ற சாம்பியன் ரீஃப் என்னும் ரேகை.

அதன் பிறகு சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம், நந்திதுர்க் சுரங்கங்கள் வேகமாக வளர்ந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வந்து, தொழிலாளர் குடியிருப்புகளான ‘லைன்’களில் தங்கின. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதற்கு அவர்களே காரணம்.

முதல் விளக்கங்கள்

மைசூர் அரசு 1894-இல் நிலவியல் துறையைத் தொடங்கியது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் அதற்குத் தலைமை ஏற்றார். இப்பகுதியின் கரும்பச்சைப் பாறைகளைத் தார்வார் தொகுதி என்று வகைப்படுத்தியவரும் அவரே. படிவுகளும் எரிமலைப் பாறைகளும் கலந்து மடிந்த தொகுதி என்று அதை அவர் கருதினார். அவருக்குப் பின் வந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத் மாறுபட்டார். தார்வார்ப் பாறைகள் பெரும்பாலும் தீப்பாறைகளே என்றார். பட்டையின் கிழக்கு ஓரத்தில் உள்ள சாம்பியன் நைஸ் என்னும் பாறையோடு தங்கத்தைத் தொடர்புபடுத்தினார். அந்தப் பாறை உருகிய நிலையில் நுழைந்தபோது, அதிலிருந்து பிரிந்த திரவமே தங்கத்தைக் கொண்டுவந்தது என்பது அக்கால விளக்கம்.

உலக அளவிலும் அன்று இதே கருத்து ஓங்கியிருந்தது. அமெரிக்க நிலவியலாளர் வால்டமர் லிண்ட்கிரென் 1913-இல் வெளியிட்ட பாடநூலில், வெந்நீர்த் திரவங்களிலிருந்து படிந்த தாதுக்களை ஆழத்தையும் வெப்பத்தையும் வைத்து வகைப்படுத்தினார். மிக ஆழத்தில், மிகு வெப்பத்தில் உருவானவை என்ற பிரிவுக்குக் கோலார் பொருத்தமான சான்றாக அமைந்தது.

ஆழம் கற்பித்தது

சாம்பியன் ரீஃபின் கல் வெண்ணிறமானதன்று. நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறக் குவார்ட்ஸ் அது. உடைந்த முகத்தில் இணையிணையாக மெல்லிய கரிய கோடுகள் ஓடும். அக்கோடுகள் சுற்றுப்பாறையின் சிம்புகள். தங்கம் பெரும்பாலும் தனி உலோகமாகவே இருந்ததால், கல்லை இடித்துப் பாதரசம் பூசிய தகடுகளின் மேல் ஓடவிட்டால் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சியதைச் சயனைடு கரைசல் எடுத்துவிடும். ரீஃபின் அகலம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். ஆனால் ஆழத்துக்கு முடிவு தெரியவில்லை. மேற்பரப்பருகே மேற்குப் பக்கமாகச் சாய்ந்திருந்த அது, கீழே போகப் போக நிமிர்ந்து ஏறத்தாழச் செங்குத்தானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் அதைத் தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது.

அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியசை எட்டியது. தாங்க முடியாத வெப்பம்தான். இருந்தாலும் நிலவியல் கணக்கில் இது குறைவு. புவியோட்டில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வெப்பம் கூடும். இங்கே அதில் பாதியளவே கூடியது. தாதுவை உருவாக்கிய வெப்பம் என்றோ ஆறிப்போய், மிகப் பழைய, குளிர்ந்த நிலப்பகுதியாக இது நிலைத்துவிட்டதை அந்த அளவு காட்டியது.

ஆழத்தின் மற்றொரு விளைவு பாறை வெடிப்பு. குவார்ட்ஸும் அதைச் சூழ்ந்த கரும்பச்சை ஆம்பிபோலைட் பாறையும் கடினமானவை, வளைந்து கொடுக்காதவை. தாதுவை வெட்டி எடுத்ததும், மேலுள்ள பாறையின் சுமை எஞ்சிய பகுதிகளில் குவிந்து, திடீரென்று வெடித்துச் சிதறும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது தொடங்கிவிட்டது. எத்தனையோ உயிர்கள் இதில் போயின. தாங்கலுக்காக விட்ட பாறைத் தூண்களே வெடிப்பதைக் கண்டபின், வெட்டிய இடங்களைக் கருங்கல் அடுக்காலும் பிற்காலத்தில் கான்கிரீட்டாலும் நிரப்பினார்கள். வெட்டும் வரிசையையும் மாற்றினார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமே அடிப்படை.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. துளையிடும்போது எழுந்த அதன் நுண்தூசி தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தந்தது. தங்கத்தைச் சுமந்து வந்த அதே கனிமம் உழைத்தவர்களின் மூச்சைப் பறித்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றிய ஆய்வும் இழப்பீட்டு விதிகளும் 1940-களில் இங்கிருந்துதான் தொடங்கின.

வடிவமும் வயதும்

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதைகள் நிலவியலாளர்களுக்குப் பாறையை முப்பரிமாணத்தில் காட்டின. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எஸ். நாராயணசாமியும் உடன் பணியாற்றிய இருவரும் 1960-இல் வெளியிட்ட ஆய்வு, தாது எங்கே திரண்டது என்பதைப் பாறையின் மடிப்புகளையும் பிளவுகளையும் வைத்து விளக்கியது. தங்கம் ரீஃப் முழுவதும் ஒரே அளவில் பரவியிருக்கவில்லை. மடிப்புகளும் வளைவுகளும் இடங்கொடுத்த பகுதிகளில் கொழுத்தும், மற்ற இடங்களில் மெலிந்தும் இருந்தது.

அடுத்த திருப்பம் கடலடியிலிருந்து வந்தது. 1979-இல் பசிபிக் கடலின் அடியில் கந்தகத் தாதுக்களைக் கக்கும் வெந்நீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பழைய எரிமலைப் பாறைகளிலுள்ள தாதுக்களும் அப்படித் தோன்றியிருக்கலாம் என்ற எண்ணம் உலகெங்கும் வலுத்தது. தங்கவயலில் இரண்டு வகை ரேகைகள் உண்டு. கிழக்கே சாம்பியன் போன்ற குவார்ட்ஸ் ரேகைகள். மேற்கே இரும்புத் தாதுப் படிவுகளை ஒட்டிய சல்ஃபைடு ரேகைகள். நிலவியலாளர்கள் வி. இராஜாமணியும் சிவ சித்தையாவும் 1989-இல் இவ்விரண்டையும் வேறுபடுத்தினார்கள். சல்ஃபைடு தாது, பாறை உருவானபோதே கடலடியில் படிந்தது. குவார்ட்ஸ் ரேகை பிற்காலத்தில் பிளவுகளுக்குள் வந்தது என்பது அவர்கள் முடிவு.

அதே காலத்தில் யுரேனியம்–ஈயம் முறையில் வயதும் கணக்கிடப்பட்டது. பட்டையின் கரும்பச்சைப் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டுப் பழமையான கடலடி எரிமலைக் குழம்பு. மேற்கே உள்ள நைஸ் பாறைகளில் மூத்தவை 260 கோடி ஆண்டுகளைக் கடந்தவை. கிழக்கே உள்ளவையோ 253 கோடி ஆண்டு வயதினவை. இரு கரைகளின் வரலாறும் வேறுவேறு. எனவே தனித்தனியாக இருந்த இரு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து மோதி ஒட்டிய தையலே கோலார்ப் பட்டை என்று இராஜாமணியும் அமெரிக்க ஆய்வாளர்களும் விளக்கினார்கள்.

இன்றைய விளக்கம்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் சாம்பியன் ரேகையின் பிறப்பு ஓரளவு தெளிவாகிறது. நிலத்துண்டுகள் மோதியபோது எரிமலைப் பாறைகள் ஆழத்துக்கு அழுந்தின. அங்கே அவை சூடேறி உருமாறியதில் நீரும் கரியமில வாயுவும் கந்தகமும் வெளியேறின. உப்பு குறைந்த அந்தத் திரவத்தில் தங்கம் கந்தகத்தோடு இணைந்து கரைந்தது. மோதலில் உண்டான பெரும் பிளவுகள் வழியே திரவம் மேலேறியது.

பிளவு அடைபட்டிருக்கும்போது திரவத்தின் அழுத்தம் ஏறும். எல்லை மீறியதும் பாறை விரிசல் விடும். அழுத்தம் சட்டென்று குறையும். குவார்ட்ஸும் தங்கமும் படிந்து பிளவை மீண்டும் அடைக்கும். இது பலமுறை திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. சாம்பியன் கல்லில் காணும் கரிய கோடுகள் அந்த விரிசல்களின் தடங்களே. நிலவியலாளர் ரிக் சிப்சன் 1988-இல் முன்வைத்த இவ்விளக்கம் உலகின் பல பழந்தங்க வயல்களுக்குப் பொருந்துகிறது. இரும்பு மிகுந்த சுற்றுப்பாறையும் இதற்கு உதவியது. இரும்பு கந்தகத்தைக் கவர்ந்து பைரைட் போன்ற கனிமங்களாக மாற, கந்தகத்தை இழந்த தங்கம் கரைசலில் நிற்க முடியாமல் வீழ்படிந்தது.

1905-இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தந்த தாது, ஆழம் கூடக் கூட மெலிந்து சில கிராமாகச் சுருங்கியது. செலவோ ஏறிக்கொண்டே போனது. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் உற்பத்தி நின்றது. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. வெளியே 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுமண், சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது.

ரீஃபின் ஆழ்பகுதியை இனி எவரும் நேரில் காண்பது அரிது. நிலவியல் வரைபடங்களும், சேமித்த பாறை மாதிரிகளும், அங்கே உழைத்த தலைமுறைகளின் நினைவுகளுமே எஞ்சிய சான்றுகள். இவற்றைச் சிதறவிடாமல் காப்பது, எடுத்த 800 டன் தங்கத்துக்கு நாடு செலுத்த வேண்டிய கடன். பட்டையின் பிறப்பைக் கண்ணால் காண விரும்புவோருக்கு ஓரிடம் உண்டு: தங்கவயலை அடுத்த பெத்தபள்ளியில் உள்ள எரிமலைச் சிதறல் பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.