கடனைத் தொடர்ந்து வந்த காப்புறுதி
அமெரிக்க வெள்ளச் சட்டம் பிறந்த வரலாறு

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஆற்றோரத்திலோ கடலோரத்திலோ வீடு வாங்கக் கடன் கேட்டுச் செல்பவரிடம் வங்கி இரண்டு செய்திகளை ஆராயும். மாதத் தவணை கட்ட வருமானம் உண்டா என்பது ஒன்று; அரசாங்கத்தின் வெள்ள வரைபடத்தில் அந்த வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று. அபாயக் கோட்டுக்குள் இருந்தால், வெள்ளக் காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் கடன் கிடையாது. இவ்விதி வங்கிகள் தாமே வகுத்துக்கொண்டதன்று. 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனை அவற்றின் மீது சுமத்திற்று. காப்புறுதி வேண்டுவது ஆற்றங்கரையில் குடியிருப்பவனுக்கு. அப்படியிருக்க, சட்டம் ஏன் கடன் கொடுப்பவன் வீட்டுக் கதவைத் தட்டியது? இவ்வினாவுக்கு விடை காண நாம் 1927ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

நம் மலாயாவில் 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் எப்படியோ, அப்படியே அமெரிக்கருக்கு 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளம். ஏப்ரல் மாதத்தில் கரைகள் அடுத்தடுத்து உடைந்தன. ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலம் நீரில் மூழ்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் சில தனியார் நிறுவனங்கள் வெள்ளத்துக்குக் காப்புறுதி விற்கத் தொடங்கியிருந்தன. அந்த வெள்ளத்தோடு அவ்வணிகமும் அடித்துச் செல்லப்பட்டது. காரணம் எளிது. தீ ஒரு தெருவில் ஒரு வீட்டை எரிக்கும். எரியாத நூறு வீட்டார் கட்டிய பணத்தில் அந்த ஒரு வீட்டுக்கு ஈடு கொடுக்கலாம். வெள்ளமோ தெரு முழுவதையும் ஒரே இரவில் கொண்டுபோகிறது. மேலும், மேட்டில் இருப்பவன் இக்காப்புறுதியை வாங்கமாட்டான். பள்ளத்தில் இருப்பவன் மட்டுமே வாங்குவான். இத்தகைய வாணிகம் நிலைக்குமா? அதுமுதல் அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் வெள்ளச் சேதத்தை ஒதுக்கியே எழுதப்பட்டு வந்தன.

அரசாங்கம் கரைகளை உயர்த்தியது, அணைகளைக் கட்டியது. கரை உயர்ந்த இடத்தில் மக்கள் துணிந்து குடியேறினர். வெள்ளம் இயற்கையின் செயலாயினும், அதனால் வரும் இழப்புப் பெரும்பாலும் மனிதன் தேடிக்கொள்வதே என்று கில்பர்ட் ஒயிட் என்னும் நிலநூல் அறிஞர் 1940களிலேயே எழுதிவைத்தார். அவர் சொல் உடனே ஏறவில்லை. 1955ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பிறகு, 1956இல் ஒரு வெள்ளக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது; ஆனால் அதற்குப் பணம் ஒதுக்க அமெரிக்க நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. அச்சட்டம் ஏட்டளவிலேயே மாண்டது.

1965ஆம் ஆண்டு செப்டம்பரில் பெட்சி என்னும் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. இழப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. அதன்பின் ஒயிட் அவர்கள் தலைமையில் அமைந்த குழு 1966இல் தன் அறிக்கையைத் தந்தது. காப்புறுதியைத் தவறான முறையில் நடத்தினால் அது வெள்ளத் துன்பத்தைக் குறைப்பதற்கு மாறாக வளர்த்துவிடும் என்னும் எச்சரிக்கையும் அதில் இருந்தது. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்டுத் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. பழைய வீடுகளுக்குக் குறைந்த கட்டணம். அதற்கு ஈடாக, வெள்ளப் படுகையில் புதிய கட்டடங்களை அடக்கி வைக்கும் விதிகளை ஊராட்சிகள் இயற்றவேண்டும். ஊர் சேர்வதும், சேர்ந்த ஊரில் வீட்டுக்காரன் பத்திரம் வாங்குவதும் அவரவர் விருப்பம்.

விருப்பத்துக்கு விட்டதன் பலன் 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெரிந்தது. அம்மாதம் 9ஆம் நாள் தென் டக்கோட்டாவின் ரேப்பிட் சிட்டி நகரில் ஓர் இரவு வெள்ளத்தில் 238 பேர் மாண்டனர். இரண்டு வாரங்களில் ஆக்னஸ் புயலின் மழை பென்சில்வேனியாவில் கொட்டியது. சஸ்குவஹானா ஆறு வில்க்ஸ்-பேரி நகரின் கரையைத் தாண்டி ஏறியது. அண்டை ஊராகிய ஃபார்ட்டி ஃபோர்ட்டில் இடுகாடே பெயர்ந்து, ஏறக்குறைய 2,000 சவப்பெட்டிகள் மிதந்து போயின. இறந்தோர்க்கும் இடமில்லாமற் செய்த அந்த வெள்ளத்தில், உயிரோடிருந்தோருள் காப்புறுதி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலிவான கட்டணமாயிருந்தும் மக்கள் வாங்கவில்லை. நமக்கு வராது என்னும் நம்பிக்கை எந்த நாட்டு மக்களுக்கும் பொதுவானதுதான் போலும்!

இந்நிலையில்தான் சட்டம் இயற்றுவோர் வேறு பிடி தேடினர். வீட்டுக்காரனை நேரே கட்டாயப்படுத்துவது அரசியலில் இயலாத காரியம். ஆனால் அவன் வீட்டுக் கடனுக்காக வங்கிக்கு வந்தே தீர்வான். வங்கியோ மத்திய அரசின் மேற்பார்வையில் இருப்பது. 1973ஆம் ஆண்டு டிசம்பர் 31இல் நிறைவேறிய வெள்ளப் பேரிடர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்த வழியைப் பற்றிக்கொண்டது. அபாய எல்லைக்குட்பட்ட வீட்டின்மேல் கடன் கொடுப்பதோ, கூட்டுவதோ, நீட்டிப்பதோ, புதுப்பிப்பதோ காப்புறுதி இல்லாமல் கூடாது என்று வங்கிகளுக்கு ஆணையிட்டது. திட்டத்தில் சேராத ஊர்களில் அபாய நிலத்துக்குக் கடனே இல்லை என்றும் முதலில் வைத்திருந்தது. 1977இல் அது தளர்த்தப்பட்டது. அதற்குள் ஊர்கள் விரைந்து சேர்ந்துவிட்டன. சில ஆண்டுகளில் சேர்ந்த ஊர்களின் தொகை பதினாயிரத்தைக் கடந்தது.

அபாய எல்லை எவ்வாறு வரையப்பட்டது? 'நூறாண்டு வெள்ளம்' எட்டும் இடம் என்பது அளவுகோல். இப்பெயர் பலரை ஏமாற்றியது; நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று எண்ணிக்கொண்டனர். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஆசிரிய நண்பர்கள் இதனைக் கணக்குப் பாடத்தில் எடுத்துக்காட்டலாம். ஓராண்டு தப்பும் வாய்ப்பு 0.99. முப்பதாண்டுக் கடன் முழுவதும் தப்பவேண்டுமானால் 0.99ஐ முப்பது முறை பெருக்கவேண்டும். விடை ஏறக்குறைய 0.74. ஆகவே கடன் தீருமுன் ஒருமுறையேனும் வெள்ளம் வர நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு.

சட்டத்தின் குறை அதன் பிடியிலேயே இருந்தது. அது ஆற்றை நோக்கி எழுதப்படவில்லை, கடன் கணக்கை நோக்கி எழுதப்பட்டது. கடன் பாக்கி, வீட்டைத் திரும்பக் கட்டும் மதிப்பு, திட்டம் அளிக்கும் உச்சத் தொகை (1994 முதல் வீட்டுக்கு 2,50,000 டாலர்) ஆகிய மூன்றனுள் எது குறைவோ, அந்த அளவே கட்டாயம். இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்காரன் கடனை நாற்பதாயிரமாகக் குறைத்துவிட்டால், சட்டம் அவனிடம் கேட்பதும் நாற்பதாயிரத்துக்குத்தான். கடன் முற்றும் தீர்ந்தால் ஒன்றும் கேட்பதில்லை. சிக்கனமாக வாழ்ந்து கடனை அடைத்த முதியவன், அடைத்த அன்றே சட்டத்தின் கண்ணிலிருந்து மறைகிறான். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நம் ஆசிரியர்கள் இதன் பொருளை நன்கு உணர்வர்.

கடன் இருந்தோரிடத்தும் காவல் தளர்ந்தது. கடன் வாங்கும் நாளில் பத்திரம் காட்டுவர். அடுத்த ஆண்டு புதுப்பிக்கமாட்டார். கடன் கைமாறிக் கைமாறிப் போகும்போது யார் கேட்பது? 1993ஆம் ஆண்டு மிசிசிப்பி மீண்டும் பெருகியபோது இந்த ஓட்டை வெளிப்பட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டம், பத்திரம் இல்லாதவருக்கு வங்கி அறிவிப்பு அனுப்பி, 45 நாளில் அவர் வாங்காவிட்டால் தானே வாங்கி அவர் கணக்கில் எழுதவேண்டும் என்றது. தவறும் வங்கிக்கு ஒவ்வொரு தவறுக்கும் 350 டாலர் அபராதம். 2012இல் அது 2,000 டாலராக உயர்ந்தது. மேலாற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்துவிட்டுக் கீழாற்றுக்காரர் பத்திரம் வாங்காதிருக்க, வாங்கிய நாளிலிருந்து 30 நாள் கழித்தே காப்புத் தொடங்கும் என்னும் விதியும் வந்தது. கடனுக்காக வாங்கும் பத்திரத்துக்கு அக்காத்திருப்பு இல்லை.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளச் சுவர்களை உடைத்தது. பெட்சி மூழ்கடித்த 'கீழ் ஒன்பதாம் வட்டம்' நாற்பதாண்டுக்குப் பின் மீண்டும் மூழ்கியது. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பினத்துத் தொழிலாளர். பாட்டன் கட்டிய வீடு, தந்தை வழியாக மகனுக்கு வந்த வீடு என்று பல குடும்பங்கள் கடனின்றி வாழ்ந்தன. வறியவர்க்கு இதைவிடப் பெருமை ஏது? ஆனால் கடன் இல்லாததால் கேட்கும் வங்கியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. எழுத்து மூலமான பாகப்பிரிவினை இல்லாமல் வீடு கைமாறி வந்ததால், 'ரோடு ஹோம்' என்னும் அரசாங்க உதவிக்கு உரிமைப் பத்திரம் காட்டவும் பலர் திண்டாடினர். எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் உறுத்துவது இப்பகுதியே.

பத்திரம் வைத்திருந்தோர்க்குத் திட்டம் கொடுத்த தொகை 1,600 கோடி டாலருக்கும் மேல். அதைக் கொடுக்க அரசாங்கக் கருவூலத்திடமே கடன் வாங்கவேண்டியதாயிற்று. 2012ஆம் ஆண்டின் சாண்டி, 2017ஆம் ஆண்டின் ஹார்வி ஆகிய புயல்கள் அக்கடனைப் பெருக்கின. 2017இல் நாடாளுமன்றம் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. இடையில் 2012இல் கட்டணத்தை உண்மையான அபாயத்துக்கு ஏற்ப உயர்த்த முயன்றனர். மக்கள் கொதித்தெழவே 2014இல் பாதி வழி திரும்பினர். 2021 அக்டோபர் முதல் கட்டணம் வீட்டுக்கு வீடு தனியாகக் கணக்கிடப்படுகிறது. எனினும், யார் வாங்கியே தீரவேண்டும் என்பதைப் பழைய வரைபடக் கோடே முடிவு செய்கிறது.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் புயலின் மழை வட கரோலினாவின் மலைநாட்டில் பெய்தது. ஆஷ்வில் நகரில் ஃபிரெஞ்சு பிராடு ஆறு 1916ஆம் ஆண்டு வெள்ளத்தின் உயரத்தையும் கடந்தது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அம்மலைப் பகுதியில் வெள்ளக் காப்புறுதி வைத்திருந்த வீட்டார் மிகச் சிலரே. கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் அங்கும் பலர் இருந்தனர். ஆயினும் கோட்டுக்கு வெளியே இருந்த வீட்டாருக்கு எந்த வங்கியும் அறிவிப்பு அனுப்பவேண்டிய கடமை சட்டத்தில் இல்லை.