மலையகத் தமிழர் ஆட்பெயர்கள்

இலங்கையின் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலான தேயிலைத் தோட்டப் பகுதிகளில் மலையகத் தமிழர் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிவரும் பெயர்கள். 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்கும், மதுரை, திருச்சி, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் தம் ஊர்ச் சாமிகளைப் பெயராகவே கொண்டுவந்தார்கள்: கருப்பையா, முனியாண்டி, பெரியசாமி, வீராயி, மாரியாயி. வெள்ளைக்காரத் துரைமாரோ தோட்டங்களுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இட்டார்கள். ஹட்டனும் ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயர்தான். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாத்தா பாட்டி பெயர் வந்தது. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால் அந்தப் பிள்ளையை வீட்டில் வேறு பெயரிட்டு அழைத்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் அமைவது இப்படித்தான். பின்னாளில் இது பெருந்தொல்லை ஆயிற்று.

பிச்சை, குப்பம்மா, மூக்காயி ஆகியவை காவல் பெயர்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள், அல்லது மூக்குக் குத்துவார்கள். எமன் கண்ணுக்கு அது வேண்டாத பிள்ளையாகத் தெரியவேண்டும். நைஜீரியாவின் யொரூபா மக்கள் இத்தகைய குழந்தைக்கு ‘இனிச் சாகமாட்டான்’ எனப் பொருள்படும் கொக்குமோ என்ற பெயரை வைப்பதுண்டு. சீனக் கிராமங்களில் ‘நாய் தின்று விட்ட மிச்சம்’ என்றே பெயரிட்டார்கள். இவற்றை அறியாமை என்று ஒதுக்குவது பெரும் தவறு. மருந்து எட்டாத இடத்தில் தாயிடம் இருந்த காவல் இதுதான். ‘போதும்பொண்ணு’ வேறு வகை. பெற்றோரின் ஏமாற்றத்தை அந்தப் பெண் ஆயுள் முழுக்கச் சுமக்க நேர்ந்தது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் சவரிமுத்து, அந்தோணியம்மா, சின்னப்பன் வழங்கின. பவுல் என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் ‘சிறியவர்’ என்று பொருள். சின்னப்பர் அதன் தமிழாக்கம்.

ஆயினும் தோட்டத்தில் ஆளை முதலில் அடையாளம் காட்டியது எண்தான். 1901 முதல் தோட்டத்துக்கு வருவோரிடம் புழங்கிய தகரத்துண்டில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் பொறித்திருக்கும். தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் சம்பளம். அதனால் ஒருநாள் வேலையையே ‘பேர்’ என்றார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின், பெயரின் எழுத்துக்கூட்டலே வாழ்க்கைப் பிரச்சினையானது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொன்று, சிங்களத்தில் எழுதிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மூன்றாவது. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக் கதவைத் திறந்தது. ஆனால் அடையாள அட்டைப் பெயரும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவும் பொருந்தாமல், உழைத்த காசுக்கே அலைந்த முதியவர்கள் பலர்.

குடும்பப்பெயர் இல்லாமல் தந்தை பெயரைத் தாங்குவது மலையக வழக்கம். ஐஸ்லாந்திலும் ஏறத்தாழ அப்படித்தான். கண்டியில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தந்தை சின்னசாமி முத்தையா. பெரியசாமி, சின்னசாமி, முத்தையா, முரளிதரன் என்ற வரிசையில் கிராமத்துச் சாமி போய்க் கண்ணன் வருகிறான். முரளிதரன் என்ற பெயருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டு உண்டு. 2007இல் வார்ன்–முரளிதரன் கிரிக்கெட் கோப்பைக்குப் பெயரிட்டபோது அவர் விரும்பிய வடிவமே இடம்பெற்றது. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானின் குடும்பத்திலும் இதே போக்கு: கருப்பையாவின் மகன் சௌமியமூர்த்தி தொண்டமான், சௌமியமூர்த்தியின் பேரன் ஆறுமுகன், ஆறுமுகனின் மகன் ஜீவன். ஆனால் இங்கே ‘தொண்டமான்’ குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது.

திராவிட இயக்கக் காற்று மலையகத்திலும் வீசியபோது தமிழ்ச்செல்வனும் அறிவழகனும் வந்தார்கள். சினிமா சரோஜாதேவியைத் தந்தது. இப்போது டிலக்ஷன், தர்ஷிகா போன்ற பெயர்கள் பரவியுள்ளன. எண்சோதிடம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைப்பவர்களும் உண்டு. ரொஷான், டிலானி போன்றவை சிங்களக் குடும்பங்களிலும் வழங்குகின்றன. கருப்பாயி, மூக்காயி ஆகிய பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைப்பது அரிது. தாயின் பெயராக விண்ணப்பப் படிவங்களில் அவை இன்னும் வருகின்றன.