திறந்த மூல நோயாளர் பதிவு முறைமையின் சமூக அடித்தளம்: 'விஸ்டா'வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் வைத்தியசாலைக் கணினி முறைமையொன்றின் வரலாற்றை ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், எழுத்துருவில் அமைந்த எதுவும், அது காவியமாயினும் கணினிச் செய்நிரலாயினும், அதனை ஆக்கியோர், பேணியோர், பயன்படுத்தியோர் ஆகியோரிடையே நிலவும் உறவுகளுக்குப் புறம்பாக வாழ்வதில்லை என்பது எமது ஆய்வுத்துறை எமக்குக் கற்பித்த பாடமாகும். மூலம் மாத்திரம் எஞ்சி, உரைமரபு அற்றுப்போன நூல் எத்துணை தூரம் வாசகருக்கு எட்டாததாகி விடுகின்றது என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

'திறந்த மூல மென்பொருள்' பற்றி இன்று எழுதப்படுவனவற்றுட் பல இவ்வுண்மையைக் கருத்திற் கொள்வதில்லை. மூலக் குறிமுறையை எவரும் பெறலாம், வாசிக்கலாம், மாற்றலாம் என்பதோடு அவை அமைந்து விடுகின்றன. பெற்றதனை வைத்தியசாலையொன்றில் நாள்தோறும் இயக்குவோர் யாவர், அது பழுதுறும்போது அவர்கள் யாரை நாடுவர், அவ்வுழைப்பின் செலவை யார் ஏற்பர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் படைவீரர் நிருவாகத்தினுள் தோன்றிய 'விஸ்டா' எனும் மின்னணு நோயாளர் பதிவு முறைமை மிகப் பொருத்தமானதொரு சான்றாகும். குறிமுறையின் சுதந்திரம் அதனைச் சூழ்ந்த உழைப்போர் கூட்டுறவிலேயே தங்கியுள்ளது என்பதும், அக்கூட்டுறவு சிதையுமிடத்துக் குறிமுறை பொதுவுடைமையாயிருந்தும் பயன் சுருங்கும் என்பதுமே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வனவாகும்.

2

முதலில் இம்முறைமை தோன்றிய நிறுவனத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1930ஆம் ஆண்டு நிறுவப்பட்ட படைவீரர் நிருவாகம், போர்களிற் பங்குகொண்டோருக்கு வைத்தியசேவை வழங்கும் அரச நிறுவனமாகும். மருத்துவத்தை விற்பனைப் பண்டமாகவே பெரிதும் வளர்த்தெடுத்த நாடொன்றினுள், வைத்தியசாலைகளை அரசே உடைமையாகக் கொண்டு, வைத்தியர்களை அரசே சம்பளத்துக்கு அமர்த்திய இவ்வமைப்பு ஒரு முரண்பாட்டின் விளைவு எனலாம். ஏகாதிபத்தியப் போர்கள் ஊனப்படுத்திய உழைக்கும் வர்க்கத்து இளைஞர்களைப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளித்துவ அரசு தட்டிக்கழிக்க முடியவில்லை. 1975இல் முடிவுற்ற வியற்நாம் போர் இச்சுமையை மேலும் பெருக்கிற்று.

இவ்வுடைமை உறவு பதிவேட்டின் வடிவத்தையும் நிர்ணயித்தது. தனியார் வைத்தியசாலைகளிற் கணினி பெரும்பாலும் கட்டணப் பட்டியல் தயாரிக்கும் தேவைக்காகவே புகுந்தது. செய்த ஒவ்வொரு செயலும் விலையிடப்பட வேண்டிய அலகாக அங்கு பதியப்பட்டது. படைவீரர் நிருவாகத்தில் அத்தேவை அத்துணை முதன்மை பெறவில்லை. எனவே, நோயாளி உட்கொள்ளும் மருந்து, ஆய்வுகூட முடிவு, வைத்தியரின் குறிப்பு ஆகியனவே அங்கு பதிவின் மையமாயின. பொருளாதார அடித்தளம் எழுத்தின் வடிவத்தைப் பாதிக்கும் விதத்துக்கு இதனைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

3

1970களின் நடுப்பகுதியில் இந்நிருவாகத்தின் கணினிப் பணிகள் யாவும் ஒரு மத்திய அலுவலகத்தின் பிடியில் இருந்தன. பெருங்கணினிகள் சில நிலையங்களில் வைக்கப்பட்டிருந்தன. வைத்தியசாலைகள் தரவுகளை அனுப்பி முடிவுகளுக்காகக் காத்திருந்தன. 1974இல் வெளிவந்த நூலில் ஹரி பிரேவர்மன் விளக்கிய, திட்டமிடுதலை ஓரிடத்திலும் செயற்படுத்துதலைப் பிறிதோரிடத்திலும் வைக்கும் முதலாளித்துவ வேலைப் பிரிவினை இங்கும் செயற்பட்டமை வெளிப்படை.

இதற்கு மாறான தொழினுட்ப வாய்ப்பு வேறிடத்தில் உருவாகியிருந்தது. 1966–67 காலப்பகுதியில் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஒக்ரோ பார்னெற்றின் ஆய்வுகூடத்தில் நீல் பப்பலார்டோ முதலியோர் 'மம்ப்ஸ்' எனும் கணினி மொழியை ஆக்கினர். சிறு கணினியொன்றிற் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய அது இடமளித்தது. நோயாளருக்கு நோயாளர் பெரிதும் வேறுபடும் பதிவுகளைச் சேமிப்பதற்கும் அது ஏற்றதாயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்நிரலைத் தாதியின் அருகிலிருந்தே திருத்தி உடனே இயக்கிப் பார்க்க முடிந்தது. திட்டமிடுவோருக்கும் செய்வோருக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கக் கூடிய கருவி அது.

கருவி தானே வரலாற்றைப் படைப்பதில்லை. 1977–78இல் நிருவாகத்தின் மருத்துவப் பிரிவிற் சேர்ந்த ஜோசப் ஓநீல், மார்ட்டின் ஜோன்சன் ஆகிய இருவர், மத்திய அலுவலகத்துக்கு வெளியே செய்நிரலர்களைத் தெரிந்து வெவ்வேறு வைத்தியசாலைகளில் அமர்த்தினர். 1978 டிசம்பரில் ஒக்லஹோமா நகரில் இவர்கள் கூடி, பொதுவான அடிப்படைப் பகுதிகளை எவ்வாறு பகிர்ந்து ஆக்குவது எனத் தீர்மானித்தனர். சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் ரிம்சன் ஆக்கிய 'ஃபைல்மான்' இவற்றுட் குறிப்பிடத்தக்கது. தரவின் அமைப்பையே தரவாக எழுதிவைக்கும் முறையை அது கைக்கொண்டமையால், செய்நிரலர் அல்லாதோரும் தமக்கு வேண்டிய பதிவேட்டை வரையறுத்துக் கொள்ள முடிந்தது. ஒரு வைத்தியசாலையில் எழுதப்பட்டது காந்த நாடாவில் இன்னொன்றுக்குச் சென்றது; அங்கு திருத்தம் பெற்றுத் திரும்பியது.

மத்திய அலுவலகம் இதனைப் பொறுக்கவில்லை. 1979 முதல் இம்முயற்சியை நிறுத்த அது முயன்றது. சிலர் பதவி இழந்தனர். சிலர் இடம் மாற்றப்பட்டனர். எஞ்சியோர், தம் வைத்தியசாலைகளின் வைத்தியர்களது பாதுகாப்பில், மறைவாக வேலையைத் தொடர்ந்தனர். இவர்களிடையே 'நிலக்கீழ்ப் புகையிரதம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. நிருவாகத்தின் உயரதிகாரி ஒருவர் வாஷிங்ரன் வைத்தியசாலையைப் பார்வையிட்டபோது இப்பெயரைக் கூறியதாகச் சொல்லப்படுகிறது. அடிமைத்தளையினின்றும் தப்பியோடிய கறுப்பின மக்களுக்குத் துணைநின்ற மறைமுக வலைப்பின்னலின் பெயரை அலுவலகப் பூசலொன்றுக்குச் சூட்டியதில் மிகைப்பாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இவர்கள் சம்பளம் பெற்ற மத்தியதர அறிவுழைப்பாளரே. எனினும், தமது உழைப்பின் கருவியைத் தாமே வடிவமைக்கும் உரிமைக்காக அவர்கள் நின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 'வன்தொப்பிக்காரர்' எனக் கட்டடத் தொழிலாளரின் தலைக்கவசத்தால் அவர்கள் அழைக்கப்பட்டமையும் தற்செயலன்று.

1982 பெப்ரவரியில் நிருவாகத் தலைவர் றொபேட் நிம்மோ பிறப்பித்த ஆணை இம்முயற்சிக்குச் சட்ட ஏற்பு அளித்தது. மறைவிற் செய்யப்பட்டது 'பரவலாக்கப்பட்ட வைத்தியசாலைக் கணினித் திட்டம்' என்னும் பெயரில் அரச கொள்கையாயிற்று.

4

அடுத்த பதினைந்து ஆண்டுகளை இம்முறைமையின் மலர்ச்சிக் காலம் எனலாம். மருந்தகம், ஆய்வுகூடம், கதிரியல் எனத் துறைதோறும் பயன்படுத்துவோர் குழுக்கள் அமைந்தன. எது முதலில் ஆக்கப்பட வேண்டும் என்பதில் அவற்றின் குரலுக்கு இடமிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் முறைமை 'விஸ்டா' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1997இல் வைத்தியருக்கான வரைகலை இடைமுகம் வெளிவந்தது.

கூட்டுழைப்பின் இயல்பை விளக்க ஓர் உதாரணம் போதும். கன்சாஸ் மாநிலத்தின் ரொப்பீக்கா வைத்தியசாலைத் தாதி சூ கின்னிக், 1992இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, ஊழியர் அதிலுள்ள பட்டைக்குறியைக் கருவியொன்றால் வாசிப்பதைக் கண்டார். நோயாளியின் கைப்பட்டியையும் மருந்துப் பொதியையும் அவ்வாறே வாசித்து ஒப்புநோக்கினால் மருந்து மாறிக் கொடுபடுவதைத் தடுக்கலாமே எனச் சிந்தித்தார். அச்சிந்தனை அவ்வைத்தியசாலையிலேயே செய்நிரலாகி, பின்னர் நாடெங்கணுமுள்ள படைவீரர் வைத்தியசாலைகளுக்குப் பரவியது. தாதியின் அனுபவ அறிவு குறிமுறையாக மாறுவதற்குப் பல அலுவலகங்களின் அனுமதி தேவைப்பட்டிருப்பின், அது அங்கேயே அழிந்திருக்கும். மார்க்ஸ் 1857–58 கையேடுகளில், சமூகத்தின் பொது அறிவு இயந்திரத்தில் உறைந்து நேரடி உற்பத்தி ஆற்றலாகும் நிகழ்வைப் பற்றிச் சிந்தித்தார். அவ்வறிவு யாருடையது, யாரின் கட்டுப்பாட்டில் உறைகின்றது என்பதே அங்கு எழும் வினா.

2005 ஓகஸ்ற் மாதத்தில் 'கத்ரீனா' சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை அழித்தபோது பல வைத்தியசாலைகளின் காகிதப் பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்தன. படைவீரர் வைத்தியசாலையின் பதிவுகளோ சில நாட்களுள் வேறு நகரங்களில் வாசிக்கத்தக்கனவாயிருந்தன. மறு ஆண்டில் விஸ்டா ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் அரச புத்தாக்கப் பரிசைப் பெற்றது.

5

ஐக்கிய அமெரிக்கச் சட்டப்படி மத்திய அரசு ஊழியர் கடமையின்போது ஆக்கியவற்றுக்கு அந்நாட்டிற் பதிப்புரிமை இல்லை. எனவே விஸ்டா, திறந்த மூலம் என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்னரே, பொதுவுடைமையாயிருந்தது. தகவலறியும் சட்டத்தின் கீழ் எவரும் அதனைப் பெற முடிந்தது. ஆயினும், பெற்றவர் பலருக்கு அதனை இயக்க வழி தெரியவில்லை. அது இயங்குவதற்கான மம்ப்ஸ் மொழிச்சூழல் தனியாரிடம் விலைக்கு வாங்கப்பட வேண்டியிருந்தது. ஆவணங்கள் அந்நிருவாகத்தினுள் வேலை செய்தோரையே வாசகராகக் கொண்டு எழுதப்பட்டிருந்தன. உடைமைத் தடை நீங்கிய பின்னரும் அறிவுத் தடை நீங்கவில்லை.

இத்தடையை உடைத்தது ஒரு சமூகமே. ஓய்வுபெற்ற வன்தொப்பிக்காரரும் இளம் செய்நிரலரும் வைத்தியரும் ஒன்றுகூடி, வினவுவோருக்கு விடையிறுத்தும், நிறுவும் முறைகளை எழுதிவைத்தும், திருத்தங்களைப் பகிர்ந்தும் வந்தனர். 2000ஆம் ஆண்டில் 'ஜி.ரி.எம்.' எனும் மம்ப்ஸ் மொழிச்சூழல் லினக்ஸ் இயங்குதளத்துக்குத் திறந்த மூலமாக வெளியிடப்பட்டமை, விலை கொடாமலே முறைமை முழுவதையும் இயக்க வழிசெய்தது. 2002இல் 'வேர்ல்ட் விஸ்டா' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு தோன்றிற்று. 2009இல் ஜோர்தான் அரசு 'ஹக்கீம்' என்னும் பெயரில் விஸ்டாவை அடிப்படையாகக் கொண்ட தேசியத் திட்டத்தைத் தொடங்கி, அம்மானிலுள்ள பிரின்ஸ் ஹம்சா வைத்தியசாலையில் முதலில் நிறுவியது. இதற்கென அந்நாடு தன் ஆட்களைக் கொண்ட நிறுவனமொன்றை அமைத்துக்கொண்டமை கவனத்திற்குரியது. குறிமுறை இலவசமாயினும் அதனை விளங்கிக்கொள்ளும் ஆளணியை ஒவ்வொரு நாடும் தானே உருவாக்க வேண்டியுள்ளது.

6

புறத்தே சமூகம் விரிந்துகொண்டிருந்த அதே காலத்தில் அகத்தே அதன் வேர் அறுக்கப்பட்டது. 2005–07 காலப்பகுதியில் வைத்தியசாலைகளின் கணினி ஊழியர் மத்திய தகவற்றொழினுட்ப அலுவலகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். 2006 மே மாதத்தில் 2 கோடியே 65 இலட்சம் படைவீரரின் விபரங்கள் அடங்கிய கணினி களவு போனமை இதனை விரைவுபடுத்தியது. மத்தியப்படுத்தலுக்கு நியாயமே இல்லை என்று கூறுவதற்கில்லை. ஏறத்தாழ 130 நிறுவல்கள் தத்தம் வழியில் வேறுபட்டு நின்றமை பராமரிப்பைக் கடினமாக்கியது; பாதுகாப்பு பற்றிய அச்சமும் பொய்யானதன்று. ஆனால், வேறுபாடுகளை ஒழுங்குபடுத்துவது ஒன்று. வேறுபாடுகளைப் பிறப்பித்த படைப்பாற்றலை வைத்தியசாலையினின்றும் பிரித்தெடுப்பது வேறொன்று. நடந்தது பின்னையதே.

2011இல் நிருவாகம் திறந்த மூலச் சமூகத்தை வளர்ப்பதற்கென 'ஒசேரா' என்னும் அமைப்பை உருவாக்கியது. அது 2020இல் மூடப்பட்டது. வைத்தியசாலைகளில் இயல்பாய் வாழ்ந்த சமூகத்தைத் தளர்த்திவிட்டு ஒப்பந்தத்தின் மூலம் மேலிருந்து சமூகத்தை அமைக்க முயன்றமையின் முரண்பாடே இதில் வெளிப்பட்டது என்பது எமது கருத்து.

2018 மே மாதத்தில், விஸ்டாவை நீக்கித் தனியார் நிறுவனமான 'சேர்னர்' இன் முறைமையை நிறுவ ஏறத்தாழ 1000 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம், போட்டிக் கேள்வி கோரப்படாமலே, கைச்சாத்தாயிற்று. 2020 ஒக்ரோபரில் ஸ்போக்கேன் வைத்தியசாலையில் அது இயங்கத் தொடங்கியது. 2022 ஜூலையில் நிருவாகத்தின் தலைமைப் பரிசோதகர் வெளியிட்ட அறிக்கை, அங்கு 11,000க்கு மேற்பட்ட மருத்துவப் பணிப்புகள் உரிய இடம் சேராது, பயன்படுத்துவோர் அறியாத வரிசையொன்றில் தேங்கியதையும், 149 நோயாளருக்குத் தீங்கு நேர்ந்ததையும் பதிவு செய்தது. அவ்வாண்டு ஜூனில் சேர்னரை ஒராக்கிள் வாங்கியிருந்தது. 2023 ஏப்ரலில் விரிவாக்கம் நிறுத்தப்பட்டபோது ஐந்து வைத்தியசாலைகளிலேயே புதிய முறைமை இயங்கியது. ஏனையவற்றை விஸ்டாவே தாங்கி நின்றது. மிச்சிகன் மாநிலத்தில் 2026இல் விரிவாக்கம் மீளத் தொடங்கும் என 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

7

இவ்வரலாறு உணர்த்துவதென்ன? விஸ்டா சிறந்தது, தனியார் முறைமை தாழ்ந்தது என்னும் எளிய தீர்ப்பன்று. மம்ப்ஸ் அறிந்தோர் முதுமையடைந்தனர். இளையோர் போதியளவில் பயிற்றப்படவில்லை. எந்த முறைமையும் புதுப்பிக்கப்படாவிடிற் பழையதாகும். ஆயின், அது பழையதாகியது இயற்கையின் விதியால் அன்று. அதனைப் புதுப்பிக்கும் ஆற்றல் பெற்றிருந்தோரிடமிருந்து அவ்வதிகாரம் எடுக்கப்பட்டதாலேயே ஆகும். முன்னர் குறிப்பிட்ட உரைமரபோடு இதனை ஒப்பிடின், மூலம் கைவசம் இருக்கையிலேயே உரைகாரர் கலைக்கப்பட்டனர் எனலாம்.

இலவசச் சுகாதார சேவையை இன்றும் பேணிவரும் எமது நாட்டவர்க்கு இதில் நேரடியான பொருளுண்டு. எமது அரச வைத்தியசாலைகளுக்கும் பதிவு முறைமைகள் வருகின்றன. திறந்த மூலம் என்பதால் மட்டுமே அவை எமதாகிவிடும் எனக் கருதுவது தவறு. கொடை நிதியில் நிறுவி, நிதி முடிந்ததும் விட்டுச் செல்லப்படும் குறிமுறை யாருக்கும் உரியதன்று. அதனை வாசிக்கத் தெரிந்த செய்நிரலர் அரச சேவையில் நிலையான பதவியில் இருத்தல் வேண்டும். தாதி, மருந்தாளர், பதிவெழுதுநர் ஆகியோரின் முறைப்பாடு அச்செய்நிரலரை நேரே சென்றடைதல் வேண்டும். ஒரு வைத்தியசாலை கற்றது மறு வைத்தியசாலைக்குத் தடையின்றிச் செல்லுதல் வேண்டும். இவை தொழினுட்பக் கோரிக்கைகள் போலத் தோன்றினும், உழைப்பின் ஒழுங்கமைப்புப் பற்றிய கோரிக்கைகளே. இவற்றை எழுப்ப வேண்டியோர் கணினி வல்லுநர் மாத்திரமல்லர். சுகாதாரத் தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் இதிற் பங்குகொள்ளும்போதே நோயாளர் பதிவேடு உண்மையிற் பொதுவுடைமை ஆகும்.