வகுப்பறை ஒலியியல்

வகுப்பறை ஒலியியல் என்பது பாடம் நடக்கும் அறையில் ஒலி எவ்வாறு பரவி அடங்குகிறது, எவ்வளவு இரைச்சல் நுழைகிறது, இவை மாணவரின் சிந்தனையையும் நினைவாற்றலையும் எப்படிப் பாதிக்கின்றன என்பவற்றை ஆராயும் துறை.

இதன் தொடக்கமே ஒரு கல்விக்கூடம்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேசிய சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. 1895இல் அதை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க ஆகும் நேரத்தை இரவுகளில் அளந்தார். அறையின் கன அளவு கூடக் கூட, ஒலி நின்றபின்னும் தொடரும் எதிர்முழக்கம் நீளும்; ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று கண்டறிந்தார்.

எதிர்முழக்கம் நீளும்போது முந்தைய உயிரொலியின் மிச்சம் அடுத்து வரும் மெல்லிய மெய்யொலியை மூடிவிடுகிறது. பெரியவர்கள் விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். சொல்வளம் குறைந்த சிறுவர்க்கும், வேற்றுமொழியில் பயில்வோர்க்கும், செவித்திறன் குறைந்தோர்க்கும் அது எளிதல்ல. சொல்லைப் பிடிப்பதிலேயே கவனம் செலவாவதால், பொருளை நினைவில் இருத்த மிஞ்சுவது குறைவு. காதில் விழும் பிறர் பேச்சு இன்னும் கெடுதலானது. புரியாத அயல்மொழிப் பேச்சுகூட, வரிசையாக நினைவில் வைக்கும் திறனைக் குறைப்பதை 1976இல் கோல், வெல்ஷ் இருவரும் காட்டினர்.

இத்துறையின் மிகத் தெளிவான சான்று நியூயார்க்கின் பி.எஸ். 98 பள்ளியில் கிடைத்தது. பள்ளியின் ஒரு பக்கத்தை ஒட்டி மேம்பால ரயில் பாதை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் கடக்கும்போது அப்பக்க வகுப்புகளில் இரைச்சல் 89 டெசிபலை எட்டும். ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். ஆர்லீன் பிரான்சாஃப்ட், டென்னிஸ் மெக்கார்த்தி இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே படித்த ஆறாம் வகுப்பினர் மறுபக்கத்தாரைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். அதன்பின் தண்டவாளத்தில் ரப்பர் திண்டுகளும், வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரையும் பொருத்தப்பட்டன. 1981இல் வெளியான மறு ஆய்வில் அந்த இடைவெளி இல்லை. பிள்ளைகளின் திறனில் குறையிருக்கவில்லை; குறை கட்டடத்திலும் பாதையிலும் இருந்தது.

மியூனிக்கிலும் இதே பாடம். 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டபின் அப்பகுதிச் சிறுவர்களின் வாசிப்பும் நீண்டகால நினைவும் மேம்பட்டன. அதற்குப் பதிலாகத் திறந்த புதிய நிலையத்தின் அருகே அவை சரிந்தன.

2002ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலைப்படி, வழக்கமான அளவுள்ள வகுப்பறை காலியாக இருக்கும்போது இரைச்சல் 35 டெசிபலையும், எதிர்முழக்கம் 0.6 விநாடியையும் தாண்டக் கூடாது. ஆசிரியரின் குரல் கடைசி வரிசையிலும் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலோங்கி நிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. முழங்கும் அறையில் ஒலிபெருக்கி மட்டும் வைப்பது தீர்வாகாது: குரலோடு முழக்கமும் சேர்ந்தே உயரும். முதலில் வேண்டியது ஒலியை உறிஞ்சும் கூரை.