ஹராம்பே பள்ளிகள்: கட்டடக் கொடையும் தொடர்செலவும்

கென்யா 1963 டிசம்பரில் விடுதலை பெற்றபோது, ஆப்பிரிக்கப் பிள்ளைகள் படிக்க உயர்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவாகவே இருந்தன. அந்தக் குறையைத் தீர்க்கும் வசதி புதிய அரசின் கருவூலத்துக்கு இல்லை. ஜோமோ கென்யாட்டா 'ஹராம்பே' என்ற சுவாகிலி அறைகூவலை நாட்டின் முழக்கமாக்கினார். சேர்ந்து இழுப்போம் என்பது அதன் பொருள். ஊர்கள் கூடி நிதி திரட்டின. பணம் இல்லாதவர்கள் உடலுழைப்பைத் தந்தார்கள். 1970-களில் இப்படி எழுந்த உயர்நிலைப் பள்ளிகள் எண்ணிக்கையில் அரசுப் பள்ளிகளை விஞ்சின.

இதைத் தன்னுதவி என்று மட்டும் கொண்டாடுவது பாதி உண்மை. தொடக்கப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவது ஊரின் பொறுப்பு. ஆசிரியருக்கு ஊதியம் தருவது மைய அரசின் பொறுப்பு. 1967 முதல் ஆசிரியர் பணி ஆணையம் அதைக் கவனித்தது. ஆகவே ஓர் ஊர் நான்கு சுவரும் தகரக் கூரையும் எழுப்பிவிட்டால், ஊதியம் என்னும் பெருந்தொகை ஆண்டுதோறும் வெளியிலிருந்து வந்து சேரும். உயர்நிலைப் பள்ளி கட்டியவர்களும் அரசு என்றாவது பள்ளியை ஏற்றுக்கொள்ளும் என்றே கணக்குப் போட்டார்கள். கொடையாக எழுந்த கட்டடம் கருவூலத்தின் மீது வைக்கப்பட்ட உரிமைக் கோரிக்கையாகவும் இருந்தது. ஊரார் ஏமாளிகள் அல்லர். நிதிநிலை அறிக்கை தயாரித்தவர்களைவிட அவர்களே தெளிவாகக் கணக்குப் பார்த்தார்கள் எனலாம்.

அதன் விளைவை மைக்கேல் கிரேமர், சில்வி மூலான், ராபர்ட் நமுன்யு ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஊதியம் பிறர் செலவு என்பதால் ஒவ்வோர் ஊரும் தனிப் பள்ளி நாடியது. சிறு பள்ளிகள் அருகருகே பெருகின. ஆசிரியர் ஊதியத்துக்குப் போன பணத்தோடு ஒப்பிட்டால் புத்தகத்துக்கும் பிற பொருள்களுக்கும் போனது சொற்பம். அதே ஆய்வில் மேற்குக் கென்யாவின் 14 பள்ளிகளில் 7-க்கு ஒரு தொண்டு நிறுவனம் சீருடை, பாடநூல், வகுப்பறை ஆகியவற்றைக் கொடுத்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே திரண்டார்கள். வகுப்பில் நெருக்கம் கூடியும் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. பெற்றோருக்குச் சிறிய வகுப்பைவிடப் படிப்புச் செலவு குறைந்ததே பெரிதாகப் பட்டிருக்கிறது.

கொடை தேவையின் வழியே செல்வதும் இல்லை. எட்வர்ட் மிகேலும் மேரி கே குகர்ட்டியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல இனக்குழுக்கள் கலந்து வாழும் பகுதிகளில் பள்ளிக்குத் திரண்ட உள்ளூர் நிதி குறைவு. கொடுக்காதவரைக் கண்டிக்கும் ஊர்க்கட்டுப்பாடு அங்கே தளர்ந்திருந்தது. ஹராம்பே மேடையோ காலப்போக்கில் அரசியல்வாதிகள் பெயர் சம்பாதிக்கும் இடமாயிற்று. பொது அலுவலர்கள் நன்கொடை திரட்டுவதற்கு 2003-இல் சட்டமே வரம்பு விதிக்க வேண்டியிருந்தது.

கட்டடத்தோடு நின்றுவிடும் கொடையின் குறை கழிப்பறையில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2000-களின் பிற்பகுதியில் கென்யாவின் நியான்சா பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், புதிய கழிப்பறை பெற்ற பள்ளிகளின் மாணவியரிடம் கைகளில் ஈ. கோலி கிருமி இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. கழிப்பறை வந்ததும் அதைப் பயன்படுத்துவது கூடும். துடைக்கத் தாளும் கழுவ நீரும் சோப்பும் உடன் வராவிட்டால் கிருமி கையோடு வகுப்பறைக்கு வரும். சோப்பு மாதந்தோறும் தீரும், குழி சில ஆண்டுகளில் நிரம்பும், துப்புரவுக்கு ஆள் வேண்டும். இவற்றில் எதற்கும் கல்வெட்டு வைக்க முடியாது. கொடையாளர் விரும்பாததில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் மக்கள் கொடையையே நம்பின. ஆனால் வரிசை வேறு. ஆசிரியர் ஏற்கெனவே பணியில் இருந்த பள்ளிகளின் குறைகள் பட்டியலிடப்பட்டு, பிறகு ஊரார் கேட்கப்பட்டார்கள். அங்கே கொடை ஊதியச் சுமையைப் புதிதாகப் பிறப்பிக்கவில்லை.

கென்ய அரசு 2003-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியபோது மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் மானியம் அறிவித்தது. பள்ளி அதை இரண்டு வங்கிக் கணக்குகளில் வைத்தது: 650 ஷில்லிங் பாடநூலுக்கும் கற்றல் பொருளுக்கும், 370 ஷில்லிங் பழுதுபார்ப்பு, நீர், மின்சாரம் போன்ற பொதுச் செலவுக்கும். கட்டடத்தை வைத்து அல்லாமல் தலைக்கணக்கில் தந்ததால் அருகருகே பள்ளி எழுப்பும் ஆசைக்கு இந்த மானியம் தீனி போடவில்லை. தொடர்செலவுக்கும் ஒரு நிலையான இடம் கிடைத்தது. புதிய வகுப்பறை கட்டுவது மட்டும் பெற்றோருக்கும் கொடையாளருக்கும், அதே ஆண்டில் தோன்றிய தொகுதி மேம்பாட்டு நிதிக்கும் விடப்பட்டது.