பெரிய மேளமும் திருவாவடுதுறை ராஜரத்தினமும்

நாகஸ்வரம் (நாயனம்), தவில், சுருதிக்கான ஒத்து, தாளம் ஆகிய நான்கும் சேர்ந்தது பெரிய மேளம். சதிராட்டத்துக்குரிய சின்ன மேளத்திலிருந்து பிரித்துச் சொல்ல எழுந்த பெயர் அது. காவிரிப் படுகைதான் இக்கலையின் தலைநிலம். செம்பொன்னார்கோயில், திருவீழிமிழலை, நீடாமங்கலம், வலங்கைமான், நாச்சியார்கோயில் என்று வித்வான்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர்களை வரிசையாக எழுதினால் படுகையின் வரைபடமே கிடைத்துவிடும்.

இங்கே இக்கலை செழித்ததற்கு நெல்லே காரணம். நன்செய் விளைச்சல் கோயில்களையும் சைவ மடங்களையும் மிராசுதாரர் வீடுகளையும் நிறைத்தது; அவை மேளக்காரர்களைப் பேணின. விடியற்காலைத் திருவனந்தல் முதல் அர்த்தசாமம் வரை ஒவ்வொரு கால பூஜைக்கும் மேளம் உண்டு. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. அதன்பின் நான்கு வீதிகளிலும் ராக ஆலாபனை. தேரும் சப்பரமும் மெல்ல நகர்ந்ததால் ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரித்து வாசிக்க நாயனக்காரருக்கு நேரம் கிடைத்தது. கர்நாடக இசையின் ராக ஆலாபனை இந்த அளவு வளர்ந்ததில் தஞ்சைக் கோயில் வீதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கருவிகளும் திறந்தவெளிக்கென்றே அமைந்தவை. நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வைரம் பாய்ந்த உத்தரக் கட்டைகளைக் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை ஆச்சாரிமார் தேடி வாங்கிக் கடைவது வழக்கம். வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணல் தட்டையில் செய்யப்படுகிறது. பலாமரத்தைக் குடைந்து செய்யும் தவிலை, வலக்கை விரல்களில் மாட்டிய கெட்டியான கூடுகளாலும் இடக்கையில் பிடித்த கழியாலும் முழக்குவார்கள். மேலை நாட்டில் 1960களின் இறுதியில் எழுந்த ஹார்ட் ராக் குழுக்கள், திறந்தவெளிக் கூட்டத்தைக் கட்டி ஆள மின்கிட்டாரையும் பெரும் ஒலிபெருக்கிகளையும் நம்பின. பெரிய மேளம் அதே வேலையை மூச்சாலும் தோலாலும் செய்துவந்தது.

20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தனித்தனி பாணிகள் துலங்கின. செம்பொன்னார்கோயில் ராமசாமி பிள்ளை வழியினர் லயக் கணக்கு நுணுக்கம் மிகுந்த ரக்தி மேளத்துக்குப் பேர் பெற்றவர்கள். திருவீழிமிழலை சகோதரர்களான சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் கீர்த்தனைகளைச் சாகித்தியம் புலப்படும்படி இரட்டை நாயனமாக வாசித்தார்கள். தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) தனித்து நின்றார். நாயனத்துக்குப் பக்கபலம் என்றிருந்த வாத்தியத்தை, அதற்கென்றே கூட்டம் கூடும் நிலைக்கு உயர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர். நாயனத்தோடு கூடுதலாக வைக்கும் ‘ஸ்பெஷல் தவில்’ கச்சேரி விளம்பரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் தனி வரியாக இடம்பிடித்தது.

இந்தப் பரம்பரையின் உச்சியாக எண்ணப்படுபவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் திருமருகலில் பிறந்தார். தாய்மாமனும் நாகஸ்வர வித்வானுமான திருமருகல் நடேச பிள்ளையின் சுவீகாரப் பிள்ளையாக வளர்ந்தார். பெயரின் முன்னெழுத்துகள் அந்த மாமனைக் குறிப்பவை. முதலில் வாய்ப்பாட்டுக் கற்று, பிறகே நாயனத்துக்கு வந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்வானானார். அவர் வாசித்த தோடி கொலம்பியா இசைத்தட்டாக வெளிவந்து, கோயில் வீதிக்கே வராதவர்களையும் எட்டியது. 1940-இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார்.

அவர் செய்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, சுருதி. அதுவரை பெருவழக்காக இருந்தது நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனம். வீதிக்கு ஏற்ற அதன் கீச்சொலி, அரங்கில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஏற்கவில்லை. நீளமான பாரி நாயனத்தை எடுத்துச் சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி செய்துகொடுத்த கருவிகள் இதற்குத் துணைநின்றன. பழைய நாயனங்களில் எளிதில் பிடிபடாத சுத்த மத்தியமமும் அவற்றில் தெளிவாகப் பேசியது. இரண்டாவது, ஒத்து இருந்த இடத்தில் சுருதிப்பெட்டியை வைத்தது. மூன்றாவது, மரியாதை. நாயனக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், மேல்துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்ற வழக்கங்களை அவர் ஏற்கவில்லை. கிராப்புத் தலையும் நீண்ட கோட்டுமாக மேடையேறினார். பாடகர்களுக்குச் சமமான ஆசனம் கேட்டுப் பெற்றார்.

மற்றவர்கள் அவரது வாசிப்பிலிருந்து பெற்றதும் மிகுதி. ஜி.என்.பாலசுப்பிரமணியம் போன்ற பாடகர்களின் ராக விரிவில் நாகஸ்வரப் பிடிகள் கேட்பது பலரும் சுட்டியது. சீடரான திருநெல்வேலிச் சீமையின் காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) குருவின் நாதத்தைத் தெற்கே கொண்டுசென்றார். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் பாட்டோடு இழைந்த அவரது நாயனம் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சங்கீத கலாநிதியானார். இலங்கையில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் இதே மரபின் கடல் கடந்த கிளை. 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ நாயனக்காரரைக் கதாநாயகனாக்கியபோது, திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். ஆக, படுகையின் பாணியை ஊரறியச் செய்தவர்களில் பலர் படுகைக்கு வெளியே பிறந்தவர்கள்.

படுகைக்குள்ளேயோ ஆதரவு சுருங்கியது. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டத்தை ஒட்டி மிராசுதாரர்களின் செல்வாக்குக் குறைந்தது. கோயில் ஊதியம் குடும்பம் நடத்தப் போதவில்லை. இரவு முழுக்க நீண்ட கல்யாண ஊர்வலக் கச்சேரிகள் முகூர்த்த வேளை வாசிப்பாகக் குறுகின. சபாக்களிலும் நாகஸ்வரத்துக்குப் பெரும்பாலும் தொடக்க மங்கள இசை என்ற இடமே வாய்த்தது. அரசு இசைப்பள்ளிகள் நாயனமும் தவிலும் கற்பிக்கின்றன. ஆனால் குருவோடு வீதியில் இரவெல்லாம் நின்று காதால் பெற்ற பயிற்சியைப் பாட வேளைகளுக்குள் அடக்குவது கடினம்.

ராஜரத்தினத்தின் சாதனையை இந்த வரவு செலவோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவர் சுருதியை இறக்கியதால் மேளம் அரங்குக்கு வந்தது. அரங்குக்கு வந்த மேளத்திடம் வீதியின் நீண்ட இரவு இல்லை. ஆனால் வீதி சுருங்கியதற்குக் காரணம் நிலமும் வருமானமுமே. பாரி நாயனம் அல்ல. கலைஞர் குனிந்து நின்ற நிலையை மாற்றியதும், கருவியின் குரலையே மாற்றியதும் ஒருவரே செய்தவை என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது. 1955-இல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்று, மறு ஆண்டு டிசம்பர் 12-இல் அவர் மறைந்தார். சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கச்சேரி மேடைகளில் ஒலிப்பது அவர் நிலைநிறுத்திய பாரி நாயனமே.